நாலாவது கோடு

பாகாலா ஊரைத் தாண்டி, ஏரியை ஒட்டிப் புதுச் சாலைக்கு மண்மேடு எழுப்ப வேண்டும். அடியிலோ வெறும் சேறு. அதனால் மேட்டைத் தாங்க, பைல் எனப்படும் கான்கிரீட் தூண்களை வரிசையாக இறக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று முறை சுத்தியலால் தட்டுவார்கள். தூண் தலையில் பொருத்திய சென்சார் வழியாக, அதிர்வு அடிவரை போய்த் திரும்புவதைத் திரையில் பார்த்து, இன்ஜினியர் தரணி சரி சொன்னால்தான் மண் கொட்டலாம்.

கரையோரத் தூணை மேஸ்திரி கோவர்த்தனன் மூன்று முறை தட்டினார். திரையில் நாலு கோடுகள் விழுந்தன.

"கை தவறிடுச்சா அண்ணா?"

"இல்ல மேடம், மூணுதான் தட்னேன்."

மறுபடி தட்டினார். மறுபடியும் நாலு. மூன்று அதிர்வுகள் மேலிருந்து கீழே போய்த் திரும்பியிருந்தன. நாலாவது, கீழேயிருந்து கிளம்பி மேலே வந்திருந்தது.

"லாரிங்கல்லாம் நின்னுக்கினு கீது மேடம். பைலு நல்லாதான கீது?"

விரிசல் இல்லை, உடைசல் இல்லை. குறையென்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. தரணி தலையாட்டினாள்.

கோவர்த்தனன் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் முதல் லாரி மண்ணோடு தொட்டியைத் தூக்கியது. சென்சாரைக் கழற்றக் குனிந்தவள் திரையைப் பார்த்தாள்.

கீழேயிருந்து மூன்று கோடுகள் வந்தன. பிறகு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்றுவிட்டன.