சீதனம் வேண்டாத சம்பந்தம்

றோசம்மா மாமி கதிரையில் இருந்ததுமே நிறஞ்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நண்டுக் கொம்பனியில் காலையிலிருந்து நண்டு உடைத்துச் சதை எடுத்த கை. சவர்க்காரம் போட்டும் வெடில் போகாத கை. மற்ற நாளென்றால் மாமி மூக்கைப் பொத்தியிருப்பாள்.

இன்றைக்கு அதைத் தன் மடியில் வைத்துத் தடவினாள்.

மாமியின் மகன் மில்ரனுக்குக் குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்துவிட்டார்கள், இனி மருந்து ஏற்ற வேண்டும். அது பேசாலை ஊர் முழுக்கத் தெரிந்த கதை. மாமி அதைச் சொல்ல வரவில்லை. அவனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறாள்.

நிறஞ்சலாவுக்கு நாற்பத்தொரு வயது. அவளைக் கேட்டுக் கடைசியாக இந்த வீட்டுக்கு ஆள் வந்தது ஒன்பது வருடத்துக்கு முன். அப்போது வந்ததும் இதே மாமிதான், இதே மில்ரனுக்குத்தான்.

இந்தமுறை சீதனம் ஒரு சதமும் வேண்டாமாம். வீடு வளவும் வேண்டாமாம். என்ன தாராள மனம்.

பெரிய டொக்ரர் மில்ரனிடம் முதலில் கேட்டதே கலியாணம் கட்டினவரா என்றுதானாம். ஒரே வருத்தம், ஒரே மருந்து என்றாலும் வீட்டில் மனுசி இருக்கிறவர்கள்தான் கூடக்காலம் இருக்கிறார்களாம். நேரத்துக்கு மருந்து கொடுக்க, வேண்டாம் என்றாலும் சாப்பிடப் பண்ண, கிளினிக் நாளில் விடிய எழுப்பி யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்ற ஒரு ஆள் இருக்கிறதாலாம்.

டொக்ரர் துண்டு எழுதித் தந்தால் பாமசியில் மனுசி வாங்கலாம் என்ற மாதிரிப் பேச்சு.

பிறகு வயிற்றில் கட்டியிருக்கும் பையைப் பற்றிச் சொன்னாள். மலம் அதற்குள்தான் போகும். கழுவ வேண்டும், மாற்ற வேண்டும். பெரிய வேலையில்லையாம்.

“எனக்கு ஓங்காளிக்குது பிள்ளை. பெத்த தாய்தான், எண்டாலும் ஏலாமல் கிடக்கு.”

சீ என்றிருந்தது நிறஞ்சலாவுக்கு.

பையை நினைத்து வந்த அருவருப்பு இல்லை. அது வருத்தக்கார உடம்பு, அது என்ன செய்யும். பெற்றவளுக்கு நாறுகிறதைக் கழுவ வேறொருத்தியின் பிள்ளையைத் தேடி வந்து, அதையும் வாய் கூசாமல் சொல்கிற இந்த மனுசியைப் பார்த்து வந்த அருவருப்பு.

கையை இழுத்துக்கொண்டாள்.

குசினி வாசலில் நின்ற அம்மா திரேசம்மா கண்ணால் கெஞ்சினாள், ஓம் என்று சொல்லு என்று. அம்மாவுக்கு எழுபத்திரண்டு. அப்பாவுக்குப் பின்னால் தானும் கண்ணை மூடினால் மகள் தனித்துப் போவாள் என்ற ஒரே பயம். அந்தப் பயத்தில் அம்மா எதையும் விழுங்குவாள். மில்ரனையும் மாமியையும் சேர்த்து விழுங்குவாள்.

இல்லை என்றால் அம்மா இன்றைக்குச் சாப்பிடமாட்டாள். நிறஞ்சலாவுக்கு அதுதான் யோசனை.

மாமி விடவில்லை. அடுத்த மாதம் முதல் ஊசி. அதற்கிடையில் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாணப் பெயர் வாசித்து எல்லாவற்றையும் முடித்துவிடலாமாம். பங்குச் சுவாமியிடமும் கதைத்தாயிற்றாம். பெண்ணிடம் கேட்க முதலே சுவாமியிடம் கதைத்தாயிற்று.

“வீட்டில ஒரு மனுசி இருந்தால் அவன் பிழைச்சிடுவான் பிள்ளை.”

நிறஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள்.

“இதைத்தானே மாமி என்ர அப்பாவும் உங்கட படலையில வந்து நிண்டு சொன்னவர். துணையெண்டு ஒருத்தன் இருந்தால் என்ர பிள்ளை பிழைச்சிடுவாள் எண்டு.”

மாமியின் கண் நிறஞ்சலாவின் சட்டையில் இடது பக்கம், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த இடத்துக்குப் போய், உடனே சுவருக்குத் தாவியது.

ஒன்பது வருடத்துக்கு முன் கோயிலில் இரண்டு ஞாயிறு நிறஞ்சலாவினதும் மில்ரனினதும் பெயரை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறுக்கு முதல் அவளுடைய மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. வருத்தக்காரியை வைத்துக்கொண்டு என் பிள்ளை என்ன செய்யிறது என்று, அப்பாவை உள்ளே கூப்பிடாமலே கேட்டவள் இந்த மாமி. மில்ரன் அன்றைக்கு வீட்டுக்குள்தான் இருந்தான். எட்டியும் பார்க்கவில்லை.

மாமிக்கு வெட்கப்பட அரை நிமிடம் போதும்.

“அது அப்ப. இப்ப உனக்குச் சுகம்தானே பிள்ளை.”

“ஓம் மாமி. புருசன் இல்லாமலே சுகம்.”

அம்மா குசினி வாசலை விட்டு வந்தாள். முற்றத்தில் இறங்கிப் போய்த் தெருப் படலையை முழுதாகத் திறந்து, மாமி எழும்பும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.