ஆனையூர் முகாமில் கூட்டம்

மாநகராட்சியின் கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி, அலுவலர் சாய்பிரசாத் ஆனையூரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கணக்கு வைத்தால் பின்னால் உதவித்தொகையும் உண்டு என்றார். காசிமாயன் ஒருவர்தான் தன் மகளைச் சேர்த்தார்.

அடுத்த மாத முகாமிலோ வரிசை தெருமுனை வரை நின்றது.

"என் பேச்சுக்கு இம்புட்டுப் பலனா!" என்று சாய்பிரசாத் பூரித்துப்போனார்.

முதலில் நின்ற பாண்டியராஜன் சிரித்தார். "உங்க பேச்சா? காசிமாயன் மகளுக்குக் காதுகுத்து வச்சு, மொய்யெல்லாம் அந்தக் காலேஜ் கணக்குலயே போடச் சொல்லிட்டான் சார். திருப்பிச் செய்றப்பவும் அப்படித்தான் செய்வானாம். நமக்குக் கணக்கு இல்லைன்னா மொய் எப்படித் திரும்பி வரும்?"

சாய்பிரசாத்துக்குச் சுருக்கென்றது. 'எப்படியோ பிள்ளைகள் படித்தால் சரி' என்று வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்து, தலை நரைத்த மாயக்காள் வந்து நின்றார்.

"பேரப்பிள்ளை பேரு என்னம்மா?"

"எனக்கு ஏது தம்பி புள்ளகுட்டி? ஆனா காசிமாயனுக்கு நானும்தானே மொய் செஞ்சிருக்கேன். என் பேரையே எழுதுங்க. பிளஸ் டூ பாஸு. நானே காலேஜுக்குப் போறேன்!"