உப்புத் தெரியாத வாய்

"டொக்டர், என்ட மனிசனுக்கு வாய் கொப்பளிக்க என்ன மருந்து குடுத்தீங்க? மனிசன் மாறிட்டாரு!"

துறைமுகத்தடிப் பல்வைத்திய அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு றஹ்மா நுழைந்தாள். பின்னால், பாரந்தூக்கி ஓட்டும் அவள் கணவன் ஜமால்தீன் பூனைபோல வந்தான்.

பல்வைத்தியர் இராசதுரை கதிரையைக் காட்டினார். எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவருக்கு அதுதான் பெரிய ஆராய்ச்சி. கிருமி கொல்லும் கொப்பளிப்பு மருந்து இரண்டு. துறைமுகத் தொழிலாளரில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. எது பல்லில் ஊத்தை படியவிடாமல் காக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"என்ன மாறினது தங்கச்சி, பல்லின்ர நிறமோ?"

"பல்லை ஆரு பார்த்த? குணம் மாறிட்டுது! கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து, சோத்துக்கு ஊத்துற ஆணத்துல உப்புக் கூடிட்டு, புளி காணாது எண்டு பீங்கானைத் தள்ளாத நாளில்ல. இப்ப ஒரு மாசமா மூச்சே இல்ல. நேத்து வேணுமெண்டே உப்புப் போடாம மீனாணம் வெச்சன். ரெண்டு வாய் திண்டிட்டு, 'நல்லா இரிக்கி புள்ள' எண்டு எழும்பிட்டாரு!"

"அது சந்தோசமான விசயமெல்லோ?"

"புருசன் திடீரெண்டு நல்லவனானா எந்தப் பொம்பிளைக்கு நித்திரை வரும்? வேற எவளோ ஒருத்தி சோறு போடுறா..." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இண்டைக்கு எனக்கு உண்மை தெரியோணும். வீடு என்ட சீதன வீடு. இவர்ர உடுப்பு மூட்டை வாசலுக்கு வந்திரும்."

இராசதுரை சிரித்துவிட்டார். "பயப்பிடாதேங்கோ. இதில ஒரு மருந்துக்கு நாக்கில உப்புச் சுவையை மங்கப் பண்ணுற குணம் இருக்கு. சுவை போனா சோறும் இறங்காது. உங்கட மனிசனுக்குக் கிடைச்சது அந்தப் போத்தல்தான் போல. நிப்பாட்டினாச் சரியாயிடும்."

"ஓம் ஓம், அதேதான்!" ஜமால்தீன் பாய்ந்து வந்தான். "நாக்கே செத்துப் போச்சு புள்ள!"

றஹ்மாவின் முகம் மலர்ந்தது. "ஏன் நிப்பாட்டுற? இன்னும் ரெண்டு போத்தல் தாங்க டொக்டர்!"

"தாறன். முதல்ல சோதனை." இராசதுரை ஜமால்தீனின் பல்லில் ஒரு சிவப்புச் சாயத்தைப் பூசி, தண்ணீரால் அலசச் சொன்னார். "ஊத்தை இருக்கிற இடத்தில மட்டும் சாயம் ஒட்டும்."

அலசிய பிறகும் ஒரு தட்டு வெற்றிலையைச் சப்பியவன்போல வாய் முழுக்கச் சிவந்து கிடந்தது.

"ஜமால்தீன், இந்த வாயில என்ர மருந்து ஒரு நாளாவது போனதோ?"

"அந்தக் கசப்பை எவன் டொக்டர் வாயில வைக்கிற? குழாயடியில ஊத்திட்டன்."

றஹ்மா எழும்பினாள். "அப்ப வயிறு எங்க நிரம்புது? ஆரவள்?"

"அல்லாஹ்வே, எவளும் இல்ல புள்ள! வேலை முடிஞ்சு வாற வழியில, என்ட உம்மாட வீட்டிலதான் சோறு திண்டிட்டு வாறன்."

றஹ்மா தொப்பென்று கதிரையில் விழுந்தாள்.

"பாவி மனிசா, வேற ஒருத்தியெண்டாலாவது மன்னிச்சிருப்பன்!"