நாற்பத்தோராவது நாற்காலி

எங்கள் கல்லூரியில் சராசரி ஐம்பதுக்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மறுபடியும் போனால் பெயர் நீக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் என் வகுப்புத் தோழன் நெட்டையும் ஒரே நாளில் கடிதம் வாங்கினோம். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே அவன் தன் பாடங்களைக் கோட்டைவிட்டான். நான் தப்பித்தேன், அவனை நீக்கினார்கள். அந்தக் கோடையிலேயே காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான்.

இப்போது அதே கல்லூரி அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். இரண்டு வருஷமாக மதிப்பெண் பட்டியலின் கடைசியில் நெட்டையின் பதிவு எண் வருகிறது. எதிரே சராசரி: நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தொன்பது. அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான் இல்லை. இந்தப் பருவம் சரியாக ஐம்பது. விதிப்படி, மீண்டும் சேர்த்துக்கொள்ளும் கடிதத்தில் முத்திரை குத்தி அவனுடைய பழைய முகவரிக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் கணக்கு மேடம் வந்தார்.

"சார், நாப்பது பசங்க, நாப்பது சேர். இன்னைக்கு எல்லாரும் உக்காந்த பிறகும் ஒரு பையன் நிக்கிறான்."

என் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், ஜன்னலோரம் போட்டேன். நெட்டைக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

"இவ்ளோ நேரமாடா?" என்றான், நின்றுகொண்டிருந்த பையன்.