கதாநாயகன் கேட்ட கேள்வி

ரயில் சுன்சோன் நகரை நெருங்கும்போது கியோங்ரான் லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பூசிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் முன்னால் போய் நின்று, திரும்பச் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்க எந்தச் சாயம் பொருந்தும் என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த ஒருவர் தேசிக், விவாகரத்தான கணவர். ஒரு காலத்தில் அவர் எழுத, அவள் வரைய, அந்தக் காதல் சித்திரக்கதைகளுக்காக வாடகைப் புத்தகக் கடைகளில் பள்ளிப் பெண்கள் காத்துக் கிடந்தார்கள். பிரிந்த பிறகும் பதிப்பகம் அந்த ஜோடியை விடவில்லை. புத்தகம் போய்ச் செல்போனில் தொடர் வந்தது. வாராவாரம் மின்னஞ்சலில் அவருடைய வசனம் வரும், அவள் வரைவாள். நலமா என்று ஒரு வரிகூட இருவருக்கும் நடுவில் கிடையாது.

காதலில் யோசனை கேட்டு வாசகிகள் எழுதுவார்கள். அவள் குடியிருந்த பூச்சன் நகரத்து ஒற்றை அறையில், வரைபலகை ஓரத்திலேயே நூடுல்ஸைச் சாப்பிட்டபடி அவர்களுக்குப் பதில் போடுவாள். சில நாள் தன் குரலை அவளே கேட்டிருக்க மாட்டாள்.

ஒன்றிரண்டு வருடமாக வசனம் மாறியிருந்தது. சோஜு சாராயம் குடித்துவிட்டு மிடுக்காகத் திரிந்த கதாநாயகன், பொதுக் குளியல்கூட வாசலில் வாழைப்பழப் பாலோடு காதலிக்காக நின்றான். பால் வாசனையே ஆகாத தேசிக்கா இப்படி எழுதுகிறார் என்று சிரித்துக்கொண்டே வரைந்தாள்.

போன வாரம்தான் சிரிக்க முடியவில்லை. நாயகன் கேட்டிருந்தான்: "அன்னிக்கு அழுதுக்கிட்டுப் போனியா, கோபமாப் போனியா? எனக்கு உன் முதுகுதான் தெரிஞ்சுது."

அவள் வீட்டை விட்டுப் போன விடியற்காலையில் தேசிக் போதையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அவர் தூங்கவில்லையா? பார்த்துக்கொண்டா இருந்தார்?

அவர் விலாசத்தைப் பதிப்பகத்து எடிட்டரம்மாவிடம் கேட்டு வாங்கினாள். "கதையில அவங்க சேர்றதுக்குள்ள நீங்க முந்திக்கோங்க மேடம்" என்று அவள் கேலி செய்தாள்.

மகள் யேரினை நினைக்கத்தான் பயமாக இருந்தது. ஏழு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. முதலில் மாமியார் பார்க்க விடவில்லை. அந்தம்மாள் இறந்த பிறகு, போய்ப் பார்க்க இவளுக்கு முகமில்லை. இப்போது சியோலில் ஏதாவது கல்லூரியில் இருப்பாள் என்று தைரியப்படுத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்தது யேரின்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். யாரென்று கேட்கவில்லை. உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பை எடுத்து வைத்தாள், உட்காரச் சொன்னாள், பார்லித் தேநீர் ஊற்றினாள்.

கோப்பையை எடுத்துக்கொண்டே கியோங்ரான் கேட்டாள். "அப்பா இல்லையா?"

"பூசான் போயிருக்கார். இப்போ லாரி ஓட்டுறார்."

"லாரியா? அப்புறம் எழுத எங்க நேரம்?"

"அவர் எழுதறதையே விட்டுட்டார்."

கியோங்ரான் கோப்பையைக் கீழே வைத்தாள். யேரின் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா உங்களுக்கு எழுதறது நான்தாம்மா."