ஓரமாக ஒரு ஆள்

இருநூற்றுப் பத்துப் படிகளையும் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்து, மூச்சு வாங்க, பேருந்தின் முன்சன்னல் வழியே கேமராவை நீட்டினாள் சின்னவள்.

“பாருங்கண்ணா! ஒரு தலைகூடப் போகல.”

ஓட்டுநர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

வீட்டில் அவளுக்குத் ‘தலைவெட்டி’ என்று பெயர். தொழில் தையல். துணியில் கத்தரி வைத்தால் நூலிழை பிசகாது. கேமராவைத் தொட்டால் மட்டும் போச்சு. அக்கா மகளின் பிறந்தநாளன்று அவள் எடுத்த படங்களில் கேக் இருந்தது, கத்தி இருந்தது, கத்தியைப் பிடித்த கை இருந்தது. பிள்ளையின் முகத்தைத்தான் காணோம்.

அந்த அக்காதான் இந்தப் பயணத்துக்கு ஆறு மாதமாகத் திட்டம் போட்டவள். கேமராவை வாங்கியவளும் அவளே. கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி மலையேறுவதெல்லாம் நடக்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

“நீ போயிட்டு வாடி. உன் கண்ணாலதான் நான் பாக்கணும்” என்று சொல்லி, கேமராவைச் சின்னவளின் கழுத்தில் மாட்டி அனுப்பினாள்.

போயும் போயும் என் கண்ணாலா என்று நினைத்துக்கொண்டேதான் சின்னவள் வண்டி ஏறினாள்.

முதல் இரண்டு நாள் எடுத்ததைப் பார்த்தால், வழுக்கி விழுந்ததே தேவலை என்பாள் அக்கா. வெயிலைப் பார்த்து எடுத்ததில் ஆட்கள் கரிக்கட்டையாக நின்றார்கள். ஜூமை இழுத்து எடுத்ததில் அருவி கலங்கிப் போயிருந்தது.

இன்று காலை, தேநீர் குடிக்க வண்டி நின்ற இடத்தில், முகம் தொங்கிப்போய் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். ‘வண்டி கிளம்புது’ என்பதைத் தவிர அதுவரை வாய் திறக்காத மனிதர், கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

நூற்று நாற்பதாவது படிக்கு இடப்பக்கம் ஒரு கல்பலகை இருக்கும். எல்லோரும் உச்சிக்கு ஓடுவார்கள், அங்கே கம்பி வேலி குறுக்கே விழும். பலகைப் பக்கமே நில்லுங்கள், கீழே ஏரி முழுசாகத் தெரியும். நாலரை மணிக்கு வெயில் முதுகுக்கு வந்துவிடும். ஜூமைத் தொடாதீர்கள், கிட்டத்தில் வேண்டுமென்றால் நாலு எட்டு நடங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் முழுசாக அழுத்துங்கள்.

“வெறும் ஏரிய மட்டும் எடுக்காதீங்கம்மா. ஓரமா ஒரு ஆள நிறுத்துங்க. அப்பத்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரியும்.”

கல்பலகை, வேலி, வெயில், எல்லாம் அவர் சொன்னது சொன்னபடி இருந்தது. மலை இந்த மனிதருக்கு அத்துப்படி! ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குள் இவ்வளவு வித்தை இருக்கிறதே என்று இறங்கும் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தாள்.

இப்போது அவர் திரையை முகத்தருகே வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவசரமே படவில்லை. ஒரு படத்தில் விரல் நின்றது. இங்கே ஒரு மொட்டை மரம் இருக்குமே, போன மாதம்கூட இருந்ததே என்றார். விழுந்துவிட்டது, வேர்தான் கிடக்கிறது என்றாள் சின்னவள். அவர் முகம் வாடிவிட்டது.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கையில் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“மேல காத்து அடிக்குமாம்மா?”

சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் தலைக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பு அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று நாளாக அவள் எதிரிலேயே இருந்ததுதான். ‘பயணிகளின் உடைமைகள் உள்ளே இருக்கும்போது ஓட்டுநர் வண்டியை விட்டு அகலக் கூடாது.’

“பதினெட்டு வருஷமா இங்கதான் வண்டிய நிறுத்துறேன். எறங்கி வர்றவங்க படத்தக் காட்டுவாங்க. எது நல்லா வருது, எது கெட்டுப்போகுதுன்னு பாத்துப் பாத்துப் பழகிடுச்சு,” என்றார். “காத்துதான் எந்தப் படத்துலயும் சிக்க மாட்டேங்குது.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவும் நாளைக்கு இதைத்தானே கேட்பாள்.

மற்றவர்கள் இறங்கி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சின்னவள் பேருந்துப் படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

“போயிட்டு வாங்கண்ணா. எவனாவது உள்ள நுழைஞ்சா ஊரக் கூட்டிடுவேன். படம் எடுக்கத்தான் வராது, கத்த நல்லா வரும்.”

அவர் அறிவிப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சாவியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

முதல் ஐம்பது படி வரை திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டே போனார். அதற்கப்புறம் திரும்பவில்லை. கல்பலகை வந்ததும் நின்றார். அவர் எத்தனையோ பேரை நிற்கச் சொன்ன அதே இடம்.

சின்னவள் கேமராவைத் தூக்கினாள். ஜூமைத் தொடவில்லை. பொத்தானைப் பாதி அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்தினாள்.

மலை முழுவதும் படத்தில் வந்தது. ஓரமாக, தலையோடு, ஒரு ஆள். முதுகில் சட்டை உப்பியிருந்தது.