பாசி பிடித்த புரோப்

"இதைத் தொடைச்சு எத்தனை மாசமாச்சு?"

மீட்டர் சர்வீசுக்கு வந்த அவள் மீன் குளத்திலிருந்து தூக்கிய, தண்ணீரின் ஆக்சிஜனை அளக்கும் புரோப்பின் நுனியில் பாசி வழவழவென்று தொங்கியது.

பண்ணைக் காவல்காரர் தலையைச் சொறிந்தார். "மறந்துட்டேம்மா."

"வாரம் ஒரு தடவை ஈரத் துணியால ஒத்தி எடுக்கணும். அதுக்குக்கூடவா நேரமில்ல?"

"அவருக்குத் தூங்கவே நேரம் பத்தலையே!" நிழலில் நின்ற மேனேஜர் சிரித்தார். "பட்டப்பகல்ல குறட்டை. இங்க அவர் பேரே தூங்குமூஞ்சிதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சர்வீஸ் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் நான்கு நாள். ஏற்கெனவே இரண்டு புகார். 'இன்னொண்ணு வந்தா வீட்லயே இருந்துக்கோ' என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சிபாரிசு செய்த மாமா முகத்தில் எப்படி விழிப்பது?

புரோப் நுனியின் பழைய ஜவ்வு மூடியைக் கழற்றினாள். உலோக முனையைத் தேய்த்துத் துடைத்தாள். புது மூடியில் திரவம் நிரப்பி, சுண்டிச் சுண்டிக் காற்றுக் குமிழை விரட்டினாள்.

காவல்காரர் பக்கத்தில் வந்து குந்தினார். "பாப்பா, ரொம்பச் சுத்தமா வேணாமே. கொஞ்சம் கம்மியாவே காட்டட்டும்."

"என்னண்ணே பேசறீங்க? உங்க சோம்பேறித்தனத்துக்கு நான் பொய் மீட்டர் வச்சிட்டுப் போகவா?"

அவர் துண்டை உதறி எழுந்தார்.

இரண்டு முறை சரிபார்த்தாள். பிசகே இல்லை. குளத்தில் இறக்கினாள். மீட்டர் ஆக்சிஜன் அளவை 7.2 என்று காட்டியது.

"அடேங்கப்பா! இத்தனை நாள் மூணு, நாலுன்னு காட்டி என்னை ஏமாத்திடுச்சே. ஏரேட்டரை வெட்டியா ஓட்டியிருக்கேன்!" மேனேஜர் தன் அறைக்குள் போய் சுவிட்சை அணைத்தார். தண்ணீரைக் கலக்கிக் காற்றடித்துக்கொண்டிருந்த நான்கு ஏரேட்டர்களும் ஓய்ந்தன.

காவல்காரர் முகம் செத்துப் போனது.

"வெயில்ல நல்லாத்தான்மா காட்டும். பொழுது சாஞ்சா தண்ணில காத்து இறங்கிடும். இவரு மீட்டரைப் பாத்து சுவிட்சை அணைச்சு, ரூமைப் பூட்டிட்டுப் போயிடுவாரு. போன வருஷம் ஒரே ராத்திரில செத்த மீனா குளமே வெள்ளையா மிதந்துச்சு. அதுலேருந்து நான் ராத்திரி கண்ண மூடறதில்ல. மீன் மேல வந்து வாயைப் பிளக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். புரோப்பையும் தொடைக்கறதில்ல. கம்மியா காட்டினாத்தான் இவரு ஏரேட்டரை நிறுத்தமாட்டாரு."

அவள் ஓய்ந்து நின்ற ஏரேட்டர்களைப் பார்த்தாள்.

"சார்கிட்ட சொல்லலையா?"

"'மீட்டரை விட உனக்கு அறிவு ஜாஸ்தியா'ன்னாரு."

அவள் எழுந்து அறைக்குப் போனாள். "சார், ராத்திரில ஆக்சிஜன் குறையும். ஏரேட்டரை நிறுத்தினா..."

"ஏம்மா, மீட்டர் பாக்க வந்தியா, மீன் வளக்க வந்தியா? ரிப்போர்ட்டை எழுது. பிரமாதமா வேலை செஞ்சிருக்கே. உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணி நல்லபடியா சொல்றேன்."

நான்கு நாள். மாமா. நாளை காலையில் இந்தக் குளம்.

பேனா வெகு நேரம் நகரவில்லை. பிறகு மளமளவென்று எழுதினாள். தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் நான்கு ஏரேட்டர்களும் உறுமின. மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யோவ்! இது ராப்பகலா ஓடட்டும், நிறுத்தாதே. வேலை தெரியாத பொண்ணை அனுப்பியிருக்கானுங்க! இரு, போன் போட்டுக் கிழிக்கிறேன்."

அவர் கையில் படபடத்த தாளில் எழுதியிருந்தது: 'புது ஜவ்வு மூடியை நான் சரியாகப் பொருத்தவில்லை. மீட்டர் தவறாக அதிகம் காட்டுகிறது. வேறு ஆள் வந்து சரிசெய்யும்வரை, தயவுசெய்து ஏரேட்டரை நிறுத்த வேண்டாம்.'